கோச்சிக்கு எண்ணெய் போட்டவன்

1

அப்பாவின் ஆண்டு நினைவு நாளில் என் மகளை நான் கள்ளி என்று சொன்னேன். அதுவும் மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்கும்போது, அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். இதை வாசிக்கிற தலைமன்னார்ச் சனங்களுக்கு என் வாய் புதிதல்ல. முப்பது வருடம் ஜெர்மனிக் குளிரில் கிடந்தும் அது ஆறவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டு அலுமாரிக்குள் ஒரு சின்ன ரயில் எஞ்சின் இருக்கிறது. ஒரு சாண் நீளம், சிவப்பு நிறம், உள்ளே பெருவிரல் அளவில் ஒரு மின்சார மோட்டர். எங்கள் அப்பா தலைமன்னார் பியர் ஸ்டேஷனில் பொயின்ற்ஸ்மனாக இருந்தவர். தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் லீவரைத் தள்ளி, கோச்சியைச் சரியான பாதையில் அனுப்புவது அவர் வேலை. ரயிலை நாங்கள் கோச்சி என்றுதான் சொல்வோம். அதனால் ஒவ்வொரு வருடமும் அப்பாவின் நாளில் அந்த எஞ்சினை வெளியே எடுப்பேன். துடைப்பேன், தையல் மெஷின் எண்ணெய் போடுவேன், மேசையில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி மூன்று சுற்று ஓடவிடுவேன். பிறகுதான் சாப்பாடு.

இந்த வருடம் அது ஓடவில்லை. கரண்ட் ஆளியைத் திருப்பினேன். ஒரு முனகல், கொஞ்சம் சூட்டு மணம், அவ்வளவுதான்.

மகள் மெர்லின் பக்கத்தில் நின்றாள். இருபத்துமூன்று வயது, மின்சார வேலை படித்தவள், போன வருடம் தனியாக வீடு எடுத்துப் போனவள். அன்றிலிருந்து எட்டாம் நாள் அவளுக்குப் பிளேன். தலைமன்னாருக்குப் போகிறாள், மூன்று மாதத்துக்கு. போகும்போது இந்த எஞ்சினைக் கொண்டுபோய் அங்கே இருக்கிற என் அண்ணன் சூசைக்குக் கொடுக்கட்டுமா என்று அன்று காலையில்தான் கேட்டிருந்தாள். நான் பதில் சொல்லாமல் இருந்தேன். எஞ்சின் முனகியதும் பதில் தானாக வந்தது.

"நீ நாலு வருஷத்துக்கு முன்னம் இதை உன்ர கூட்டாளிமாரிட்டைக் கொண்டுபோனனி. ஆரோ பழுதாக்கிப்போட்டாங்கள். நீ சொல்லாமல் கொள்ளாமல் அலுமாரிக்கை வைச்சிட்டாய். கள்ளி."

"அப்பா, அதுக்குப் பிறகு மூண்டு தரம் நீங்களே ஓட்டினனீங்கள்."

"பொய்! அதோடை, உனக்கு அங்க என்ன வேலை? அது உன்ர ஊரில்லை."

மெர்லின் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். மனைவி மேசையில் வைத்த சோற்றுக்கோப்பையை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, மாமா உயிரோடை இருந்திருந்தா இண்டைக்கு உங்கட கன்னத்திலை ஒண்டு விழுந்திருக்கும்."

2

தங்கள் பிள்ளைகள் ஊரை மறந்து போகிறார்கள் என்று இங்கே மூக்கைச் சிந்தாத தகப்பன் இல்லை. கோயில் வாசலில் நின்றாலும் அதே புலம்பல், கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும் அதே புலம்பல். எனக்கு வாய்த்தது எதிர்மாறு. மகள் ஊருக்குப் போகிறேன் என்கிறாள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விசர் என்று சொல்ல நினைத்தால் சொல்லிவிட்டுப் போங்கள்.

நான் திரும்பிப் போனதில்லை. தொண்ணூறில் சண்டை வந்து கோச்சி நின்றபோது எனக்குப் பதினெட்டு வயது. வள்ளமேறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். முகாமில் அப்பாவுக்கு வேலை இல்லை, தள்ளுவதற்கு லீவர் இல்லை. விடிய எழும்பி மண்டபம் ஸ்டேஷன் பக்கம் போய், யாரோ ஒருவருடைய கோச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கேயே செத்தும் போனார். அதற்குள் எங்கள் ஊர்ப் பாதையில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டப் போயின. ஒரு பக்கத்தார் மட்டும் தூக்கவில்லை, கண்டவன் எல்லாம் தூக்கினான். கேட்டால் எல்லாருக்கும் ஒரே சொல்தான்: பாதுகாப்பு. அப்பா முப்பது வருடம் எண்ணெய் போட்டு வைத்த இரும்பு, மண் மூட்டைக்கு முட்டுக்கொடுத்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம்.

இங்கே ஜெர்மனிக்கு வந்து அகதி வழக்கு நடந்து, ஒருவழியாகக் கையில் ஒரு நீலப் புத்தகம் தந்தார்கள். அகதிகளுக்கான பிரயாணப் பத்திரம். அதில் ஒரு வரி அச்சடித்திருந்தது: இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும். கந்தோரில் அதைத் தந்த மனிசி, அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, "விளங்கியதா, சந்தியாப்பிள்ளை அவர்களே?" என்று கேட்டாள். சந்தியாப்பிள்ளை என் பெயரில்லை, அப்பாவின் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று எத்தனை தரம் சொல்லியும் படிவத்துப் பெட்டிக்குள் எதையாவது நிரப்பத்தான் வேண்டும் என்று அப்பாவை நிரப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த நாட்டில் வருகிற ஒவ்வொரு கடிதமும், ஒவ்வொரு எச்சரிக்கையும் செத்துப்போன பொயின்ற்ஸ்மனுக்குத்தான் வருகிறது.

பிறகு இந்த நாட்டுக் கடவுச்சீட்டே கிடைத்தது. அதில் அந்த வரி இல்லை. ஆனாலும் நான் போகவில்லை. கேட்டவர்களுக்கு லீவு இல்லை என்றேன், முதுகு நோ என்றேன், அங்கே நிலைமை சரியில்லை என்றேன். கோச்சி திரும்ப ஓடுகிறது, வா என்று சூசை அண்ணன் சொன்னபோது, புதுத் தண்டவாளத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை என்றேன். அண்ணன் இந்திய முகாமிலிருந்து ஊர் திரும்பி, ஸ்டேஷனுக்குக் கிட்ட வீடு கட்டி இருக்கிறான். பிளாற்போமில் ஆட்களைவிடக் கழுதைகள்தான் கூட நிற்கின்றன என்று ரெலிபோனில் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

3

மெர்லின் கோபித்துக்கொண்டு போன மறுநாள், வேலை முடிந்து வந்ததும் எஞ்சினை மேசையில் வைத்தேன். எனக்கு வேலை ரயில் பெட்டிகள் கழுவுகிற டிப்போவில், காலை நாலரைக்குத் தொடங்கி மத்தியானத்தோடு முடியும். திருத்த வேண்டும் என்று நான் இருக்கவில்லை. யார் பழுதாக்கினார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்து அவள் முகத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். சத்தியமாக அதுதான் என் எண்ணம்.

முதலில் தண்டவாளத்தையும் சில்லுகளையும் தேய்த்துத் துடைத்தேன். அசையவில்லை. ஆனால் முன் விளக்கு மங்கலாக எரிந்தது, ஆகவே கரண்ட் எஞ்சினுக்குள் வருகிறது. மெர்லின் படிக்கும்போது பாவித்த மீற்றர் வீட்டில் கிடந்தது. அதை வைத்து வயர் வயராகத் தொட்டுப் பார்த்தேன். எந்த வயரும் அறவில்லை. அடுத்த நாள் மூடியைக் கழற்றி, மோட்டரைத் தனியாக வெளியே எடுத்தேன். விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்றியது, பல்லுச் சில்லு எதுவும் இறுகவில்லை. பற்றரியிலிருந்து இரண்டு வயரை நேரே மோட்டரில் பிடித்தேன். அதே முனகல். அரை நிமிடத்தில் கை சுட்டது. அப்படியென்றால் நோய் மோட்டருக்கு உள்ளேதான்.

அந்த நேரம் பார்த்துச் சூசை அண்ணன் ரெலிபோன் எடுத்தான்.

"என்னடா தம்பி, பிள்ளை அழுது அழுது கதைக்கிறாள். நீ என்ன சொன்னனி?"

"எஞ்சினைப் பழுதாக்கிப்போட்டாள் அண்ணை."

"எஞ்சினோ? எண்ணெய் போட்டுப் பாத்தனியே?"

"போடாமல் இருப்பனே? ஒவ்வொரு வருஷமும் போடுறனான்."

"அப்ப இன்னும் கொஞ்சம் விடு. அப்பா என்ன சொல்லுறவர்? எண்ணெய் காணாத இரும்பு..."

"எனக்குத் தெரியும், வை."

தெரியாமலா? எங்கள் ஊரில் இரண்டு நாள் கவனிக்காவிட்டால் கதவுக் கொண்டிகூடத் திறக்காது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நாங்கள், காற்று முழுக்க உப்பு. அப்பா கையில் ஒரு நீள மூக்கு எண்ணெய்க்கான் எப்போதும் இருக்கும். லீவருக்கு, சிக்னல் விளக்கின் பிணைச்சலுக்கு, வீட்டில் சைக்கிளுக்கு, அம்மாவின் தையல் மெஷினுக்கு, பூட்டுக்கு. வெளியூர் போவதானால் முதல் நாள் வீடு முழுக்க எண்ணெய் மணக்கும். எங்கள் தீவிலேயே இருக்கிற தாராபுரத்திலிருந்து யாரோ ஒருவர் கொண்டுவந்த ஓடாத மணிக்கூட்டுக்கும் அப்பா எண்ணெய் விட்டுக்கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அது பிறகும் ஓடவில்லை, அது வேறு கதை.

அண்ணனின் பேச்சைக் கேட்டு இன்னும் இரண்டு துளி விட்டேன். முனகலும் நின்றுவிட்டது.

4

மூன்றாம் நாள் மோட்டரையே பிரித்தேன். உள்ளே மூன்று செப்புத் தகடு வட்டமாக இருக்கும், அவற்றின்மேல் இரண்டு பக்கமும் அரிசி அளவில் இரண்டு கரித்துண்டு, சின்ன ஸ்பிரிங் தள்ள, உரசிக்கொண்டு நிற்கும். அந்தக் கரி வழியாகத்தான் கரண்ட் கம்பிச் சுருளுக்குப் போக வேண்டும். நான் கண்டது செப்பும் இல்லை, கரியும் இல்லை. கண்மை போல ஒரு கறுப்புக் களி. தகடுகளுக்கு இடையில் இருக்க வேண்டிய வெட்டெல்லாம் அந்தக் களியால் நிரம்பி, மூன்றும் ஒன்றாய் ஒட்டிக் கிடந்தன.

குட்டு வெளிப்பட்டது என்று துள்ளினேன். யாரோ உள்ளே கிரீஸ் அப்பியிருக்கிறான்! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ" என்றாள்.

அடுத்த நாள் சாட்சிப் பொருளை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, ரயில் பொம்மைச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். புதுக் கரித்துண்டும் வேண்டும், இது யாருடைய வேலை என்று தெரிந்த ஒருவர் வாயால் கேட்கவும் வேண்டும். டொச்சில், அதுதான் ஜெர்மன் பாஷையில், கரிக்குக் கோலெ என்று சொல்வார்கள். வாசலால் போனதும் போகாததுமாக, இருந்த கோபத்தில், "எனக்குக் கோலெ வேண்டும், உடனே" என்றேன். காசாளர் மேசைக்குப் பின்னால் நின்ற இளம் பெட்டை வெளிறிப்போய் ஓரடி பின்னால் போனாள். எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. தெருப் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பணம் என்று அர்த்தம். ஒரு கறுத்த மனிசன், கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி, பணம் தா என்கிறான்! கை தீப்பெட்டியைத்தான் தேடியது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதே சொல்லை ஒரு வெள்ளைக்காரன் சொல்லியிருந்தால் எந்த எஞ்சினுக்கு என்று கேட்டிருப்பாள். முப்பது வருடம் இவர்களுடைய கோச்சியைக் கழுவுகிறேன், ஒரு சொல்லில் கள்ளனாகிவிட்டேன்.

கள்ளன். நான் மெர்லினுக்குச் சொன்னதும் அதே சொல்தான்.

உள்ளேயிருந்து கடைக்காரக் கிழவர் வந்து பெட்டையைச் சமாதானப்படுத்தினார். தீப்பெட்டியைத் திறந்து, மோட்டரை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"தையல் மெஷின் எண்ணெய். இதற்கு எண்ணெய் போடுவது யார்?"

"ஏன்?"

"இரும்பு சுற்றுகிற அச்சில் ஊசி முனையளவு போடலாம். செப்பிலும் கரியிலும் பட்டால், எண்ணெயும் கரித்தூளும் குழைந்து இப்படித்தான் வரும். ஒரு நாளில் வந்ததில்லை இது. யாரோ வருடக் கணக்காக, மிகவும் அன்பாகக் கொன்றிருக்கிறார்கள்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். கரித்துண்டை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே வந்தேன்.

5

வீட்டுக்கு வந்து எஞ்சினின் பழைய பெட்டியைக் கிளறினேன். அடியில் மடித்த கடதாசி ஒன்று இருந்தது, பாவிக்கிற முறை எழுதினது. பதினாலு வருடத்துக்கு முன்னம், மெர்லினுக்கு ஒன்பது வயதில், பழைய சாமான் சந்தையில் இந்த எஞ்சினைத் தெரிந்தெடுத்தது அவள்தான். நானும் அவளும் மேசையில் தண்டவாளம் பூட்டினோம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்தில் ஸ்டேஷன் பலகையும் எழுதினாள். தலைமன்னார் என்பதில் ஓர் அரவை, அந்தத் துணைக்காலை, விட்டுவிட்டு, தலைமன்னர் என்று எழுதினாள். எங்கள் ஊரை ராசாவாக்கிப்போட்டாய் என்று நான் சிரித்தேன். அந்தப் பலகையும் பெட்டிக்குள் கிடந்தது.

கடதாசியை விரித்தேன். ஒரு வரியின் கீழே பென்சில் கோடு. ஒரு துளி, அச்சில் மட்டும். ஓரத்தில் தமிழில், கோணல் எழுத்தில்: அப்பா எண்ணை கூட விட வேண்டாம்.

அப்போதுதான் எல்லாம் நினைவு வந்தது. அவள் இதை எனக்கு வாசித்துக் காட்டினவள். எண்ணெய்ப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்ன பதிலும் நினைவு வந்தது. "இது உப்புக்காத்து அறியாத ஆக்கள் எழுதினது. உன்ர அப்பப்பாவை விட இவங்களுக்குத் தெரியுமே?"

இந்த ஊரில் உப்புக்காற்று இல்லை. கடலுக்கு அரை நாள் கோச்சியில் போக வேண்டும். இதை யோசிக்க எனக்குப் பதினாலு வருடம் எடுத்தது. என்னைப்போல ஒரு மடையனை நான் கண்டதில்லை. தண்டவாளம் தூக்கினவனையும், நீலப் புத்தகக்காரியையும், கடைப் பெட்டையையும் வைத கோபமெல்லாம் திரும்பி என் மேலே வந்து விழுந்தது. பாதுகாப்பு என்று சொல்லித்தானே நானும் எண்ணெய் விட்டேன்? அந்தப் புத்தகத்து வரியை அழித்து எத்தனையோ வருடம், ஒருவரும் மறிக்கவில்லை, நானே அதைக் காவிக்கொண்டு திரிந்தேன். இப்போது மகளின் கடவுச்சீட்டிலும் எழுதப் போய்விட்டேன்.

இரண்டு பின்னேரம் இருந்து வேலை செய்தேன். மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி, பல்லுக்குத்தும் குச்சியால் வெட்டு வெட்டாகக் களியை வழித்தெடுத்தேன். செப்பு மினுங்கியது. புதுக் கரியை வைத்து, ஸ்பிரிங் பூட்டி, பற்றரி வயரைத் தொட்டேன். மோட்டர் ஒரு துள்ளுத் துள்ளி, சுற்றத் தொடங்கியது. நான் சிரிக்கவில்லை. இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

6

வெள்ளிக்கிழமை பின்னேரம் மெர்லினின் வீட்டுக் கதவைத் தட்டினேன். சூட்கேஸ் திறந்து கிடந்தது. உள்ளே வாங்கோ என்று அவள் சொல்லவில்லை, விலகி மட்டும் நின்றாள். எஞ்சினை மேசையில் வைத்து, பற்றரியைத் தொடுத்துச் சில்லைச் சுற்ற வைத்தேன்.

"நீ செய்யேல்லை. நான்தான். எண்ணெய் விட்டு விட்டு நானே நாசமாக்கினனான்."

"எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"அண்டைக்கே மணத்திலை தெரிஞ்சது. சொல்ல விட்டனீங்களே?"

நான் கடதாசியை எடுத்து அந்தப் பென்சில் கோட்டைக் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் என் குரலைப்போலவே கடுமையாக இருந்தது.

"நீங்கள் எஞ்சினுக்கு மன்னிப்புக் கேக்க வந்தனீங்கள். மற்றச் சொல்லு? இஞ்ச ஒவ்வொருத்தரும் கேக்கினம், நீ உண்மையாய் எந்த ஊர் எண்டு. இஞ்சதான் பிறந்தனான் எண்டாலும் விடாயினம். அப்ப நான் தலைமன்னார் எண்டு சொல்லுவன். நீங்கள் அதுவும் உன்ர ஊரில்லை எண்டு சொல்லிப்போட்டியள். அப்ப நான் எவடம் அப்பா?"

கொண்டுவந்த பெட்டிக்குள்ளிருந்து அந்த ஸ்டேஷன் பலகையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இதையும் கொண்டு போ. பெரியப்பான்ர வீட்டு மேசையிலை வை. உன்ர ஊர்ப் பலகை, நீ எழுதினது. நான் சொன்னது பிழை, பிள்ளை. பெரிய பிழை."

அவள் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேசையிலிருந்து பேனையை எடுத்து, னவுக்கும் ரவுக்கும் நடுவில் இடம் போதாமல், மேலே ஒரு சின்ன அரவை நெருக்கி எழுதினாள்.

"நீங்களும் வாறியளோ?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

லீவு இல்லை என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். "நீ முதல் போ" என்றேன்.

7

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது தலைமன்னாரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். சீமெந்து நிலத்தில் சிவப்பு எஞ்சின், பக்கத்தில் பலகை. படம் ஆடிக்கொண்டிருந்தது, மெர்லினின் குரல்தான் பெரிதாய்க் கேட்டது.

"பெரியப்பா, வேண்டாம்! வையுங்கோ அதை! வையுங்கோ எண்டு சொல்லுறன்!"

பிறகு சூசை அண்ணனின் முகம் வந்தது. கையில் எண்ணெய்ப் போத்தல்.

"இஞ்ச பாரடா தம்பி, நேற்று வந்தவள், எனக்குச் சட்டம் கதைக்கிறாள். இந்தக் காத்துக்கு எண்ணெய் விடாட்டி நிக்குமே? எங்கட ஊரைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்?"

எனக்கு வந்த கோபத்தில் நான் போட்ட சத்தத்துக்குத் தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணை, போத்தலைக் கீழை வை! அவள் அந்த ஊர்க்காரி. அவள் சொன்னால் கேள். நான் கேக்காமல் பதினாலு வருஷம் இருந்தனான்."